ஒரு டம்ளர் என்ன விலை?

பங்குனி பிறந்து பத்து நாள் ஆவதற்குள் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி கிளம்பிவிடும். "இந்த வருஷம் கோடைக்குக் குடிக்க என்ன வாங்கிப் போடப் போகிறாய்?" என்று என் கணவர் கேட்பார். கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு ஆபீசுக்குப் போய்விடுவார். பதில் கண்டுபிடிக்க வேண்டியவள் நான்.

இது அற்ப விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். பங்குனித் தொடக்கத்திலிருந்து கத்தரி வெயில் ஓய்கிறவரை எழுபத்தைந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாங்கள் நான்கு பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டே டம்ளர் என்றாலும் 600 டம்ளர் ஆகிவிடுகிறது. வருகிறவர்கள், போகிறவர்கள் கணக்குத் தனி. இத்தனை டம்ளரிலும் எதை ஊற்றுவது? கடைக்குப் போனால் ஓர் அலமாரி முழுவதும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் புட்டிகள், கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி நிற்கின்றன. ஒவ்வொன்றும் "என்னை எடு, என்னை எடு" என்கிறது.

நானோ பத்திரிகைக்காரி. குடும்பச் செலவில் சிக்கனம் செய்வது எப்படி என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்து எழுதியவள். அந்தக் கர்வம் எனக்கு 2022 ஏப்ரல் மாதத்தில் ஒழுங்காக அடங்கியது. சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், உங்களில் யாராவது ஒருவர் வீட்டுக் குழந்தைக்கு உபயோகப்பட்டால் போதும்.

அந்த மாதம் எலுமிச்சம்பழத்துக்கு வந்த வாழ்வை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. எங்கள் தெருக் காய்கறிக்காரர் ஒரு பழம் பன்னிரண்டு ரூபாய் என்றார். நான் மயங்கி விழாத குறைதான்.

என் மாமியாருக்குப் பிறந்த ஊர் தென்காசி மாவட்டத்தில் புளியங்குடிப் பக்கம். எலுமிச்சைக்கென்றே பெயர் போன ஊர் அது. "எங்க ஊர்ல மழைக்காலத்துல இந்தப் பழம் சீந்துவாரில்லாம கிடக்கும். வெயில் வந்தா கிராக்கி வரத்தான் செய்யும். அதுக்காக எலுமிச்சையே வேண்டாம்னுட முடியுமா?" என்றார்.

"முடியும் அத்தை" என்றேன் நான்.

உடனே கணக்குப் போட்டேன். ஒரு பழம் பன்னிரண்டு ரூபாய். ஆகவே ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு பன்னிரண்டு ரூபாய்க்கு மேல். பெரிய கடையிலோ மாம்பழ பானம் ஒரு லிட்டர் பெட்டி எழுபது ரூபாய். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். மூன்று லிட்டர் 140 ரூபாய். டம்ளர் ஒன்பது ரூபாய் சொச்சம்தான். எவ்வளவு லாபம்! ஒன்பது பெட்டி வாங்கிக்கொண்டு வெற்றி வீராங்கனையாக வீடு திரும்பினேன். வரும் வழியில் மருந்துக் கடையில் வேறொரு சின்னப் பெட்டி கண்ணில் பட்டது. ஆரஞ்சு நிறம், மேலே கொட்டை எழுத்தில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்டிருந்தது. 200 மில்லி, முப்பது ரூபாய். வெயிலுக்கு மருந்து மாதிரி இருக்கட்டுமே என்று அதிலும் அரை டஜன் வாங்கினேன்.

மாமியார் பெட்டிகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நிறையச் சொல்கிறார் என்று அர்த்தம்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் இவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். அப்போது அவளுக்கு ஐந்து வயது. தள்ளுவண்டியில் ஐஸ் செதுக்கிப் போட்டுச் சிவப்பாக ஒரு சர்பத். குழந்தை கேட்டாள், அப்பா வாங்கிக் கொடுத்தார். எந்த அப்பாதான் மறுப்பார்?

மறுநாள் இரவு ஆரம்பித்தது வயிற்றுப்போக்கு. மணிக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. "வயித்தைக் காயப் போடும்மா. தண்ணி குடுக்காதே. குடிக்கக் குடிக்கத்தான் போகும்" என்றார் மாமியார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் அந்தக் காலம் அத்தை. இப்போது இதற்கென்றே பானம் வந்திருக்கிறது" என்று அந்த ஆரஞ்சுப் பெட்டியை உடைத்துக் கொடுத்தேன். தித்திப்பாக இருந்ததால் குழந்தையும் ஆவலாகக் குடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று பெட்டி ஆயிற்று. நடுநடுவே அவள் தண்ணீர் கேட்டபோதெல்லாம், "வேண்டாம் கண்ணு" என்று ஆச்சி டம்ளரை நகர்த்தி வைத்தார். நானும் பேசாமல் இருந்தேன். பெட்டிதான் கொடுக்கிறோமே என்ற எண்ணம்.

விடியற்காலையில் குழந்தை அழுதாள். அழுத கண்ணில் கண்ணீர் வரவில்லை. கண் உள்ளே போயிருந்தது. நாக்கைத் தொட்டால் காய்ந்த துணி மாதிரி இருந்தது. ராத்திரி பத்து மணிக்குப் பிறகு அவள் சிறுநீர் கழிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டேன் என்றுகூடத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். உடனே கையில் ஊசி ஏற்றி டிரிப் போட்டார். அதன் பிறகுதான் என்னைப் பார்த்து, "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்துக் காட்டினேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்றால் நம்புவீர்களா?

டாக்டர் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்பக்கம் எறும்பு ஊர்கிறாற்போல் அச்சடித்திருந்த இடத்தில் விரலை வைத்தார். "இதில் 200 மில்லி. சர்க்கரை 22 கிராம். அப்படியானால் ஒரு லிட்டருக்கு 110 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கரைசலில் ஒரு லிட்டருக்குக் குளுகோஸ் பதின்மூன்றரை கிராம்தான். எட்டு மடங்கு! இவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால், உடம்பில் இருக்கிற தண்ணீரையும் அது குடலுக்கு இழுத்துக்கொள்ளும். போக்கு நிற்காது, அதிகமாகும்" என்றார்.

மாமியார் என்னைப் பார்த்தார். டாக்டர் அவர் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன செய்தீர்கள் அம்மா?" என்றார். மாமியார் சொன்னார். "அது இதைவிடத் தப்பு. போகிற தண்ணீரை உடனுக்குடன் திரும்பக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் காயப் போட்டால் வயிறு காயாது, குழந்தைதான் காயும்" என்றார் டாக்டர். படித்தவளும் படிக்காதவரும் ஒரே பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒரு பகலும் ஓர் இரவும் ஆஸ்பத்திரி வாசம். மறுநாள் குழந்தை சிரித்துவிட்டாள். கட்டிய பில்லில் அந்தக் கோடை முழுவதும் நால்வரும் தினம் ஆளுக்கோர் இளநீர் குடித்திருக்கலாம். அது போகட்டும். வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார். உப்பு, குளுகோஸ், பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட் நான்கும் அளவோடு கலந்த பொடி. காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்றெல்லாம் கைக்கணக்குக் கூடாது. ஒரு நாளுக்கு மேல் மீந்தால் கொட்டிவிட வேண்டும். கடையில் வாங்கினாலும் விலை குறைவுதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பொட்டலம் கிடைக்காத இடத்தில், லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு.

இந்த எளிய கரைசலுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1971-இல் வங்காள தேசப் போரின்போது எல்லைக்கு இப்பால் அகதி முகாம்களில் காலரா பரவியது. டிரிப் புட்டிகள் தீர்ந்துபோயின. திலீப் மகலானபிஸ் என்ற டாக்டர் துணிந்து, உப்பும் குளுகோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளரால் மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022 அக்டோபரில் அவர் காலமான செய்தி என் மேஜைக்கு வந்தபோது இரண்டு தடவை படித்தேன். உலகத்திலேயே கொடுத்த காசுக்கு அதிக மதிப்புள்ள பானம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இது நோய்க்கு. தாகத்துக்கு என்ன குடிப்பது? 600 டம்ளர் கேள்வி அப்படியே நிற்கிறதே!

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, நானும் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தோம். முதல் பக்கத்தில் என் பழைய கணக்கை எழுதினேன். மாமியார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரு பழத்தை ஒரே டம்ளர்லயா பிழிவே? புளிச்சுப் போகாதா? நல்ல பழம்னா ரெண்டு டம்ளர் வருமே" என்றார். ஆமாம்! பன்னிரண்டு ரூபாய்ப் பழத்தில் ஒரு டம்ளருக்கு ஆறு ரூபாய். சர்க்கரை, உப்புச் சேர்த்தால் ஏழு ரூபாய். என் ஒன்பது ரூபாய் மாம்பழ பானத்தைவிடக் குறைச்சல்! அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் முதலில் தண்ணீர், அதற்குப் பிறகுதான் பழம், சர்க்கரை எல்லாம். சட்டப்படி இந்த மாதிரிப் பழ பானத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பழம் இருந்தால் போதும். தண்ணீர் கலந்து குடிக்கிற ஸ்குவாஷ் என்றால் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு இருக்க வேண்டும். எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. ஆகவே புட்டியின் முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள், முதுகைப் பாருங்கள்.

அடுத்தது நன்னாரி. கடைப் புட்டி 700 மில்லி 140 ரூபாய். டம்ளருக்கு 30 மில்லி வீதம் 23 டம்ளர்; ஒரு டம்ளர் ஆறு ரூபாய். வீட்டில் செய்தால்? நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் வேர் ஐம்பது ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது ஒரு துண்டை ஒடித்து முகர்ந்து பாருங்கள். மணம் குப்பென்று வர வேண்டும். வாசனை பட்டையில்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் கட்டை வெறும் கட்டைதான். ஊறுகாய் போடுகிற மாகாளிக் கிழங்குக்கும் ஏறக்குறைய இதே மணம். இரண்டுக்கும் வாசனை கொடுக்கிற பொருள் ஒன்றே. ஐஸ்கிரீமில் வருகிற வெனிலா வாசனைக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி முறை என்று சொல்லலாம்.

வேரைக் கழுவித் தட்டி, கட்டையை எறிந்துவிட்டு, பட்டையின் மேல் ஒரு லிட்டர் கொதிக்கும் நீரை ஊற்றி மூடி, இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள். வாசனை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். காலையில் துணியில் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்துக் கரைகிறவரை சூடு காட்டி இறக்கி, ஆறியதும் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் பாகு. குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது டம்ளர் வரும். எல்லாம் சேர்த்து டம்ளர் இரண்டரை ரூபாய் ஆகவில்லை. நிறம் பழுப்பாகத்தான் இருக்கும்; பளபளவென்று இருக்காது.

ஒரு கிலோவை ஐம்பதால் வகுத்தால் டம்ளருக்கு 20 கிராம் சர்க்கரை, நாலு டீஸ்பூன். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே நன்னாரி விருந்தாளி மாதிரி. தினமும் வரக் கூடாது. மாமியாருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. "நான் பானகம் குடிச்சுக்கிறேன். வெல்லம்தானே, சர்க்கரையா?" என்றார். வெல்லமும் சர்க்கரையின் உடன்பிறப்புத்தான் என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இப்போது ராம நவமி அன்று மட்டும், பிரசாதமாக, அரை டம்ளர்.

இளநீர் அன்றைக்கு 45 ரூபாய். ஏழு மாதக் காயில்தான் தண்ணீர் நிறைய இருக்கும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சளசளவென்று சத்தம் கேட்டால் முற்றிக்கொண்டு வருகிறது, தண்ணீர் குறைந்திருக்கும். கனமாக, சத்தமில்லாமல் இருப்பதை எடுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம், உப்புச் சத்துக் குறைவு. ஆகவே தாகத்துக்கு அமிர்தம்தான் என்றாலும், பொட்டலக் கரைசலுக்கு அது ஈடாகாது.

கடைசியாக வந்தது நீர்மோர். அரை லிட்டர் தயிர் 32 ரூபாய். இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கடைந்து, உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். பன்னிரண்டு டம்ளர். ஒரு டம்ளர் மூன்று ரூபாய். சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை. வேர்வையில் போகிற உப்பு திரும்ப வருகிறது. குழந்தை முதல் ஆச்சி வரை எல்லாரும் குடிக்கலாம். நோட்டுப் புத்தகத்தில் அதன் எதிரே ஒரு நட்சத்திரம் போட்டேன். "இதுக்கா இத்தனை பேப்பர்?" என்றார் மாமியார்.

இன்னும் ஒரு செலவு இருக்கிறது, அது ஐஸ். தள்ளுவண்டி சர்பத் இருபது ரூபாய்தான். ஆனால் அந்த ஐஸ் பாளம் எந்தத் தண்ணீரில் உறைந்தது? மீன் கெடாமல் இருக்கப் போடுகிற ஐஸ் குடிநீரில் செய்யாததாக இருக்கலாம். அந்தப் பாளம் சர்பத் வண்டிக்கு வந்தால் ஆபத்துத்தான். எங்கள் குழந்தைக்கும் ஐஸ்தான் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அன்று முதல் வெளியே எங்கே குடித்தாலும் 'ஐஸ் வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறோம். வீட்டில் மண்பானை இருக்கிறது. அது தண்ணீரைக் குளிர வைக்கிறதற்கு மின்சார பில் வருவதில்லை.

எலுமிச்சைக்கும் மாமியார் ஒரு வழி சொன்னார். ஐப்பசி, கார்த்திகையில் விலை இறங்கும்போது ஐம்பது பழம் வாங்கிவிடுகிறோம். தோல் மெல்லியதாக, கைக்குக் கனமாக இருப்பதாகப் பொறுக்கி, சாறு பிழிந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை டப்பாவில் போட்டு மூடிவிடுவோம். சித்திரையில் பழம் என்ன விலை விற்றாலும் நாங்கள் கலங்குவதில்லை.

2025 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எந்தப் பானமும் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துக்களைத் தன் பெயரில் எந்த விதத்திலும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற பெண்மணி பல வருஷம் விடாமல் போராடியதன் பலன் அது. செய்தியை மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நானும் அன்னைக்குத் தண்ணி குடுக்கலியேம்மா" என்றார். மூன்றரை வருஷமாக அதை அவர் மனத்தில் வைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நானும்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை இப்போது வளர்ந்துவிட்டாள். கடையில் எதை எடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பது அவள்தான். சென்ற வாரம் இவருடைய சிநேகிதர் ஒருவர் கொளுத்தும் வெயிலில் வந்து சேர்ந்தார். அவள் ஓடிப் போய் வெள்ளி டம்ளரில் நீர்மோர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "பிரமாதம்! இன்னொரு டம்ளர் கிடைக்குமா?" என்றார்.

"தாராளமாகக் குடியுங்கள் மாமா. ஒரு டம்ளர் மூன்று ரூபாய்தான்!" என்றாள் என் மகள்.

அவர் சட்டைப் பையில் கையை விட்டுச் சில்லறையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.